அழாத பிள்ளைக்கும் பால் வேண்டும்



சென்ற மாதம் தபால்காரர் கொண்டுவந்து போட்ட கடிதங்களில் ஒன்று என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை. கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் ஒரு பாட்டி எழுதிய கடிதம் அது. பெயரை வெளியிட வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டதால், ஊரையும் பெயரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

"மிஸி அம்மாவுக்கு வணக்கம். என் மகன் வயிற்றுப் பேரன் பிறந்து நாலு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். பிள்ளை மூணு கிலோ, ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டு, தொப்புள்கொடி ரத்தத்தில் தைராய்டு சரியில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்து, தினமும் மாத்திரை கொடுக்க வேண்டுமென்று சொல்லிவிட்டார்கள். பச்சை மண்ணுக்கு மாத்திரையா? எங்கள் வம்சத்தில் யாருக்கும் கழுத்து வீங்கியதில்லை. மருமகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பிள்ளையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பத்து நாளாக நான் மாத்திரை கொடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. சொல்லப்போனால் முன்னைவிடச் சாதுவாகிவிட்டான். அழுவதே இல்லை, நன்றாகத் தூங்குகிறான். நான் செய்தது சரிதானே?"

கடிதத்தின் அடியில் தொலைபேசி எண் இருந்தது. இதழில் பதில் வரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வியல்ல இது. அந்த இரவே கூப்பிட்டேன். "அம்மா, இந்த நிமிஷமே மகனிடமும் மருமகளிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நாளைக் காலை முதல் வேலையாகப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். விட்டுப்போன நாளுக்கெல்லாம் சேர்த்து ஒரேயடியாகக் கொடுத்துவிடாதீர்கள். எப்படித் தொடங்குவதென்று டாக்டர் சொல்வார்" என்றேன். அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சே இல்லை. பிறகு, "நான் கெட்டது ஒண்ணும் நினைக்கலையே மிஸி" என்றார்.

அவர் கெட்டது நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பேரனை மருந்திலிருந்து காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருக்கிறார். இப்படி நினைக்கும் பாட்டிமார் நம்மிடையே இன்னும் பலர் இருக்கக்கூடும் என்பதால், அவருக்குச் சொன்ன விளக்கத்தை எல்லாருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறேன்.

ஒரு பழைய நினைவு

நான் பிறந்து வளர்ந்ததும் தோட்டத்தில்தான். எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்தில் ஒரு பையன் இருந்தான். என்னைவிட நான்கு வயது மூத்தவன். ஆனால் உயரத்தில் என் தோளுக்குக்கூட வரமாட்டான். நாக்கு சற்று வெளியே தள்ளியிருக்கும். முகம் உப்பியிருக்கும். வெயில் காலத்திலும் அவன் கை சில்லென்று இருக்கும். பள்ளிக்கு வந்ததில்லை. வாசல் படியில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பான். நாங்கள் விளையாடும்போது பார்த்துச் சிரிப்பான்.

அவன் தாயார் பால்மரம் வெட்டப் போவார். "கைப்பிள்ளையில் இவனைப்போல் தங்கமான பிள்ளை கிடையாது. ஆயாக் கொட்டகையில் விட்டால் விட்ட இடத்தில் கிடப்பான், அழவே மாட்டான்" என்று அவர் பெருமையாகச் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முன்ஜென்ம வினை என்றார்கள் சிலர். கிரகணத்தில் வெளியே வந்ததால் என்றார்கள் சிலர். பிற்காலத்தில் தாதிப் பயிற்சிக்குப் போய்ப் பாடப் புத்தகத்தில் ஒரு படத்தைப் பார்த்தபோது, அவன்தான் கண்முன் வந்து நின்றான். அவனுக்கு யாரும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில்லை; ஆகவே இதுதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. இதுவாகத்தான் இருந்திருக்கும் என்றே என் மனம் சொல்கிறது. அந்தக் காலத்தில் பிறந்தவுடன் கண்டுபிடிக்கும் வழியே இல்லை. இப்போது வழி இருக்கிறது. ஆகவேதான் இந்தக் கடிதம் என்னை அப்படிக் கலக்கியது.

கங்காணியின் கூப்பாடு

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைராய்டு. நாம் உண்ணும் உப்பிலும் மீனிலும் இருக்கும் அயோடினை எடுத்து, தைராக்ஸின் என்னும் சுரப்பு நீரை அது உண்டாக்குகிறது. உடம்புச் சூடு, இதயத் துடிப்பு, வளர்ச்சி எல்லாமே இந்தச் சுரப்பைப் பொறுத்தவை. குழந்தைக்கு இன்னொன்றும் உண்டு. பிறந்து முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூளை வளர்வதற்குத் தைராக்ஸின் மிக மிக அவசியம்.

இந்தச் சுரப்பியை வேலை வாங்குவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி. தோட்டத்துக்காரர்களுக்கு எளிதாகச் சொல்வதென்றால், பிட்யூட்டரிதான் கங்காணி, தைராய்டு வேலையாள். ஆள் ஒழுங்காக வேலை செய்தால் கங்காணி சாதாரணமாகப் பேசுவார். ஆள் வரவில்லையென்றால் தொண்டை கிழியக் கூப்பாடு போடுவார். அந்தக் கூப்பாட்டின் பெயர்தான் டி.எஸ்.எச். குழந்தையின் ரத்தத்தில் டி.எஸ்.எச். மிக அதிகமாக இருந்தால், தைராய்டு வேலைக்கு வரவில்லை என்று பொருள். தொப்புள்கொடி ரத்தத்தில் டாக்டர்கள் தேடுவது இதைத்தான்.

"பிள்ளை நல்லாத்தானே இருக்கான்?"

நல்லாத்தான் இருப்பான். அதுதான் இந்த நோயின் சூது. வயிற்றில் இருக்கும்போது தாயின் தைராக்ஸின் ஓரளவு பிள்ளைக்கும் போய்ச் சேருகிறது. அதனால் பிறக்கும்போது பெரும்பாலான குழந்தைகளிடம் வெளியே ஒரு குறையும் தெரியாது. கொடியை அறுத்த பிறகு அந்த உதவி நின்றுபோகிறது. வாரங்கள் போகப் போக ஒவ்வொன்றாக அடையாளங்கள் வரும். மஞ்சள் காமாலை சீக்கிரம் தெளியாது. மலச்சிக்கல் வரும். பால் குடிக்கும்போதே தூங்கிப்போகும். தொப்புள் பிதுங்கும். தோல் குளிர்ந்து வறளும். அழுகுரல் கரகரக்கும். பிறகு அழுகையே குறைந்துவிடும்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நம்முடைய பழமொழி. தைராய்டு குறைந்த பிள்ளை அழாது. அது சாதுவான பிள்ளையல்ல. அழுவதற்கும் தெம்பில்லாத பிள்ளை. இந்த அடையாளங்களெல்லாம் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்தால், அதற்குள் மூளைக்குச் சேதம் வந்துவிடும்.

பத்து நாள் நிறுத்தியும் ஒன்றும் ஆகவில்லையே என்று அந்தத் தாயார் எழுதியிருக்கிறார். தைராக்ஸின் தலைவலி மாத்திரையைப் போன்றதல்ல. கொடுத்த மருந்து உடம்பில் நாள்கணக்கில் தங்கி, மெல்ல மெல்லத்தான் குறையும். தொட்டியில் தண்ணீர் வருவது நின்றாலும் சிறிது நேரம் குழாயில் ஒழுகிக்கொண்டுதானே இருக்கிறது? அந்தப் பத்து நாளில் தொட்டி காலியாகிக் கொண்டிருந்தது. "முன்னைவிடச் சாது" என்று அவர் மகிழ்ந்தாரே, ஆபத்தின் முதல் அறிகுறியே அதுவாக இருக்கலாம்.

ஆட்டுச் சுரப்பியிலிருந்து மாத்திரை வரை

இந்த மருந்து நேற்று வந்ததல்ல. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற இளம் டாக்டர், தைராய்டு வற்றிப்போய் உடம்பெல்லாம் உப்பிச் சோர்ந்து கிடந்த 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு, ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் ஏற்றினார். அந்த அம்மாள் எழுந்து நடமாடினார். பிறகு அதே சாற்றை வாய்வழியே உட்கொண்டு, இன்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919இல் தமது 74ஆம் வயதில் காலமானார். அத்தனை ஆண்டுகளில் அவருக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டனவாம்!

1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டால் என்பவர் தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927இல் அதை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிக் காட்டினார்கள். இன்று நாம் வாங்கும் சிறு மாத்திரை அந்த வழியில் வந்ததுதான். உடம்பு தானே சுரக்க வேண்டிய பொருளையே வெளியிலிருந்து கொடுக்கிறோம். ஆகவே, பச்சை மண்ணுக்கு மாத்திரையா என்று பயப்பட வேண்டியதில்லை. தாயிடம் பால் குறைந்தால் புட்டிப்பால் கொடுப்பதில்லையா? அதைப் போன்றதே இதுவும்.

நாள்கணக்கு ஏன் முக்கியம்?

மருந்து இருந்தும் பல காலம் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியவில்லை. காரணம், தாமதம். 1972இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர டாக்டர்கள், இந்நோயோடு பிறந்த குழந்தைகள் வளர்ந்த பிறகு அவர்களின் அறிவுத்திறனைச் சோதித்துப் பார்த்தார்கள். சராசரிப் பிள்ளைக்கு இந்த அளவு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கிய பிள்ளைகளின் சராசரி 89. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கியவர்களுக்குச் சுமார் 70. ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கியவர்களுக்கு 54. மருந்து ஒன்றேதான். தொடங்கிய நாள்தான் வேறு.

அப்படியானால் நோய் தெரியும் முன்பே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் டாக்டர் ஜான் டுசோ அதற்கு வழி கண்டார். மையொற்றுத் தாள் போன்ற ஒரு காகிதத்தில் குழந்தையின் ஒரு துளி ரத்தத்தை உலர்த்தி, அதிலேயே தைராய்டுச் சுரப்பை அளக்கும் முறை அது. 1974இல் அங்கே பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் சோதனை தொடங்கியது. சில ஆண்டுகளில் பல நாடுகள் பின்பற்றின. இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கி ஒழுங்காகக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர், மற்றப் பிள்ளைகளைப் போலவே பள்ளிக்குப் போய்ப் படித்து, வேலை பார்த்து, குடும்பமும் நடத்துகிறார்கள்.

நம் நாட்டில்

மேல்நாடுகளில் குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். பிறந்தவுடன் எல்லாக் குழந்தைகளுக்குமே டி.எஸ்.எச். தற்காலிகமாக ஏறி இறங்கும் என்பதால், அதற்கு ஓரிரு நாள் பொறுக்க வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளிலோ சுகப்பிரசவமென்றால் மறுநாளே தாயும் சேயும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கொடி ரத்தம் பிரசவ அறையிலேயே கிடைப்பது. பிள்ளைக்கு ஊசி வலியும் இல்லை. கோலாலம்பூரில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் வூ லூ லிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990களில் இம்முறையைச் சோதித்து, முடிவுகளை 1999இல் சிங்கப்பூர் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 1998இல் நமது சுகாதார அமைச்சு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கொடி ரத்தச் சோதனையைத் தொடங்கிவிட்டது.

எத்தனை குழந்தைகளுக்கு இது வருகிறது? பொதுவாக 2,000 முதல் 4,000 பிறப்புகளில் ஒன்று என்பது கணக்கு. இந்தியாவில் சென்னை உள்ளிட்ட ஐந்து மையங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தது. அங்கே சுமார் 1,100க்கு ஒன்று என்று தெரியவந்தது. சென்னையில் அதைவிடவும் கூடுதல். ஆகவே தமிழ்க் குடும்பங்கள் இதை எங்கோ யாருக்கோ வரும் நோயென்று தள்ளிவிட முடியாது.

"எங்கள் வம்சத்தில் இல்லையே!"

கழுத்து வீங்குவது வேறு. மண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் குறைந்த இடங்களில் ஊரே கழலையோடு இருக்கும். இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956இல் பேராசிரியர் வு. ராமலிங்கசாமி தம் குழுவினரோடு ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். அந்த வட்டாரத்தை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்டவர்களிடையே கழலை பாதிக்கு இறங்கியது. மற்றப் பகுதியில் இறங்கவே இல்லை. பின்னர் 1980களில் டாக்டர் கொச்சுப்பிள்ளையும் மற்றவர்களும் உத்தரப் பிரதேசத்தின் கோண்டா போன்ற மாவட்டங்களில் கொடி ரத்தத்தைச் சோதித்து, அங்கே தைராய்டு குறைவோடு பிறக்கும் குழந்தைகள் கேரளத்தைவிடப் பன்மடங்கு என்று காட்டினார்கள். நம் நாட்டிலும் சரவாக்கின் உட்பகுதியில் கழலை பரவியிருந்த கிராமமொன்றில் குடிநீரில் அயோடின் கலந்து கொடுக்கப்பட்டு, அதன் பலன் 1981இல் மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. ஆகவே வீட்டில் அயோடின் உப்பையே வாங்குங்கள்.

ஆனால் கிள்ளான் வட்டாரத்தில் பிறக்கும் ஒரு பிள்ளைக்கு உப்பு காரணமாக இருப்பது அரிது. பெரும்பாலும் கருவில் உருவாகும்போதே சுரப்பி உருவாகாமலோ, சிறுத்தோ, இடம் மாறியோ போய்விடுகிறது. இதற்குத் தாய் உண்டதும் காரணமல்ல, பார்த்ததும் காரணமல்ல; கிரகணமும் காரணமல்ல. மருமகளை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சில குழந்தைகளுக்கு மட்டும், சுரப்பி இருந்தும் அதற்கு வேலை செய்யத் தெரியாத குறை பரம்பரையாக வரும். சொந்தத்துக்குள் மணம் முடித்த குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல். அப்படியிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்துப் பொடியாக்கி, சில துளி தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து, கரண்டியால் புகட்டுங்கள். முழுப் புட்டியில் கலக்காதீர்கள். பிள்ளை பாதியில் விட்டால் மருந்தும் பாதியில் போய்விடும்.

தினமும் ஒரே நேரத்தில் கொடுங்கள். பசியாறும் வேளை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. கொடுத்ததும் காலண்டரில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பிள்ளையைப் பலர் பார்த்துக்கொள்ளும் வீட்டில் இது மிகவும் உதவும்.

இரும்புச் சத்து மருந்து, கால்சியம், சோயாப் பால்மாவு ஆகியவை இந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இவற்றைக் கொடுப்பதானால் டாக்டரிடம் கேட்டு நேரம் தள்ளிக் கொடுங்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். உரைமருந்து இந்த மாத்திரைக்கு ஈடாகாது. பச்சைக் குழந்தையின் நாக்கில் எதையும் கேட்காமல் தடவவும் வேண்டாம்.

பிள்ளையின் எடை ஏற ஏற மருந்தின் அளவும் மாறும். அளவு குறைந்தால் வளர்ச்சி தடைப்படும். கூடினால் பிள்ளை அமைதியில்லாமல் வியர்த்து, வயிற்றுப்போக்கும் படபடப்பும் காணும். முதல் மூன்று ஆண்டுகளில் அடிக்கடி ரத்தம் எடுப்பது இதற்காகத்தான். நம் பெட்டாலிங் ஜெயாவை ஒட்டியிருக்கும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற இடங்களில் குழந்தைகளின் சுரப்பி நோய்க்கென்றே நிபுணர்கள் இருக்கிறார்கள். கொடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள்.

வாழ்நாள் முழுவதும் மாத்திரையா என்று கேட்பீர்கள். பலருக்கு ஆம். சிலருக்குக் குறை தற்காலிகமானது. மூன்று வயது ஆனபின், டாக்டரே சில வாரங்கள் மருந்தை நிறுத்தி ரத்தம் பார்த்து, தேவையா இல்லையா என்று முடிவு சொல்வார். அதற்குள் மூளை வளர்ச்சியின் முக்கியமான கட்டம் கடந்திருக்கும். நிறுத்திப் பார்க்கும் உரிமை அவருக்கு மட்டுமே, நமக்கல்ல.

கர்ப்பிணிகளுக்கும் ஒரு வார்த்தை. பிரசவத்துக்குப் போகும்போது ஆஸ்பத்திரியில் சரியான தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். எண்ணை மாற்றினால் தெரிவியுங்கள். கணவர் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். சோதனையில் குறை தெரிந்து ஆஸ்பத்திரி கூப்பிடும்போது, யாரும் எடுக்காத எண்ணாக இருந்தால் இத்தனை ஆராய்ச்சியும் வீண். தனியார் ஆஸ்பத்திரியிலோ வீட்டிலோ பிரசவம் நடந்தால், தைராய்டுச் சோதனை செய்தாயிற்றா என்று நீங்களே கேளுங்கள்.

பேரன் எப்படி இருக்கிறான்?

அந்தப் பாட்டி மறுநாளே மகனிடம் சொல்லிவிட்டார். மகன் ஒரு வார்த்தை கோபித்துக்கொண்டாராம். மருமகள் ஒன்றும் பேசாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாராம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டி.எஸ்.எச். மறுபடி ஏறியிருந்தது. டாக்டர் அன்றே மருந்தைத் தொடங்கிவிட்டார். "நல்ல வேளை, இப்போதே வந்தீர்கள்" என்று மட்டும் சொன்னாராம். இனி வளர்ச்சியைக் கவனமாகப் பார்த்து வருவார்கள்.

மூன்று வாரம் கழித்து அவரே என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "மிஸி, ராத்திரி பூரா அழுகிறான். என்னைத் தூங்கவிட மாட்டேங்கிறான்" என்று குறைப்பட்டுக்கொண்டார். பின்னால் பிள்ளையின் குரல் கணீரென்று கேட்டது. "காலண்டரில் கோடு போடுகிறீர்களா அம்மா?" என்று கேட்டேன். "நான்தான் போடுறேன். மருமகள் சாயங்காலம் வந்து எண்ணிப் பார்ப்பாள்" என்றார்.

எண்ணிப் பார்க்கட்டும். அதில் தவறில்லை. இன்னொரு வீட்டில் இன்னொரு பாட்டி மாத்திரையை ஒளித்து வைக்காமலிருக்கத் தம் கதையை எழுதச் சொல்லி அனுமதி கொடுத்தவரும் அந்தத் தாயார்தான். அவருக்கு நம் எல்லாரின் சார்பிலும் நன்றி.

அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம். நலமே சூழ்க!